திரான்சிற்றரை ஆள்வது ஓட்டமா, வோல்ற்றளவா?

 

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் படிப்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பிள்ளைகள் ஒரு கொப்பியையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசிக்கவும்.

"இருமுனைவுத் திரான்சிற்றர் ஓட்டத்தால் கட்டுப்படுத்தப்படுவது. புலவிளைவுத் திரான்சிற்றர் வோல்ற்றளவால் கட்டுப்படுத்தப்படுவது." கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் ஓடும் எந்தக் குறிப்புக் கொப்பியைப் புரட்டினாலும் இலத்திரனியல் அலகில் இந்த இரண்டு வரியும் இருக்கும். பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். இதில் முதல் வரி, கணக்குச் செய்ய உதவும் ஒரு வழியைக் காரணம் என்று சொல்லிவிடுகிறது என்பது எமது கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறோம், அதனால் பிள்ளைகளுக்கு என்ன நட்டம் என்பதை எழுதுகிறோம்.

ஒரு பிள்ளை எம்மிடம் கேட்டாள்: "சேர், இருவாயியில வோல்ற்றளவு குடுத்தா ஓட்டம் பாயும் எண்டு படிச்சம். திரான்சிற்றரிலயும் அடிக்கும் காலிக்கும் நடுவில இருக்கிறது இருவாயிதானே. பிறகெப்பிடி அங்க மட்டும் ஓட்டம் காரணமாகுது?" வேறோரிடத்தில் இதையே கேட்டதற்கு, "அதெல்லாம் தேவையில்லை, குறிப்பில இருக்கிறதை எழுது" என்று பதில் கிடைத்ததாம். எந்த இடம் என்பது முக்கியமில்லை. கேள்வி மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் இருக்கிறது, எழுபது வருடங்களுக்கும் மேலாக இருக்கிறது.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

என்-பி-என் திரான்சிற்றர் ஒன்றை எடுங்கள். காலியில் இலத்திரன்கள் நிறைய உண்டு. அடி மிக மெல்லிய படை. அடிக்கும் காலிக்கும் இடையிலான சந்தியில் ஓர் அழுத்தத் தடுப்பு இருக்கிறது. முன்முகக் கோடலில் வோல்ற்றளவைக் கொடுத்தால் அந்தத் தடுப்பின் உயரம் குறைகிறது. குறையக் குறைய, காலியிலிருந்து அதைத் தாண்டும் இலத்திரன்களின் எண்ணிக்கை அடுக்குக்குறி முறையில் கூடுகிறது. தாண்டி வந்தவை அடிக்குள் பரவுகின்றன. அடி மெல்லியது என்பதால் பெரும்பாலானவை வழியில் துளையொன்றோடு மீளச் சேருவதற்கு முன்னரே மறுகரையை அடைந்துவிடுகின்றன. அங்கே பின்முகக் கோடலில் இருக்கும் சேகரிப்பான் சந்தியின் மின்புலம் அவற்றை இழுத்துக்கொள்கிறது. இதுதான் சேகரிப்பான் ஓட்டம்.

அப்படியானால் அடி ஓட்டம் என்பது என்ன? வழியில் மீளச் சேர்ந்துபோன இலத்திரன்களுக்கு ஈடாக அடி வழங்க வேண்டிய துளைகள் ஒரு பகுதி. அதே தடுப்புக் குறைந்ததால் அடியிலிருந்து காலிப் பக்கம் போகும் துளைகள் மற்றப் பகுதி. இரண்டும் சேர்ந்ததுதான் அடி ஓட்டம். சேகரிப்பானுக்குப் போய்ச் சேர்ந்த இலத்திரனின் பயணத்தை அது நடத்தவில்லை. அந்தப் பயணத்துக்கான செலவு அது.

சேகரிப்பான் ஓட்டமும் அடி ஓட்டமும் ஒரு தாயின் இரண்டு பிள்ளைகள். தாய், அடி–காலிச் சந்தியின் வோல்ற்றளவு. பெரியவரின் உயரத்தைச் சின்னவரின் உயரத்தால் வகுத்தால் வருவதுதான் நாம் பீற்றா என்று சொல்லும் ஓட்ட நயம். ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால் விகிதம் ஓரளவு மாறாமல் இருக்கிறது. அதை வைத்து, சின்னவர்தான் பெரியவரைப் பெற்றார் என்று சொல்லலாமா?

இது எமது சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீனும் பிரற்றெய்னும் செய்தது புள்ளித் தொடுகைத் திரான்சிற்றர். நாம் இன்று பாடத்தில் படிக்கும் சந்தித் திரான்சிற்றரின் கொள்கையை ஷொக்லி 1949 இல் வெளியிட்டார். மூவரும் 1956 இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1954 இல் ஈபர்ஸ், மோல் என்ற இருவர் தந்த சமன்பாடுகளில் சந்திகளின் வோல்ற்றளவுகள்தான் மாறிகள். ஓட்டங்கள் அவற்றிலிருந்து வருகின்றன. இன்றும் பொறியியல் மாணவர் படிப்பது அதைத்தான்.

"திரான்சிற்றர்" என்ற பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. 1948 இல் இந்தப் பெயரைச் சொன்னவர் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன் பியர்ஸ். அக்கால வெற்றிடக் குழாய் வோல்ற்றளவை வாங்கி ஓட்டத்தைத் தருவது. புதிய சாதனம் அதற்கு எதிர்மாறு, ஓட்டத்தை வாங்கி வோல்ற்றளவைத் தருவது என்று அவர் கருதினார். அந்தக் கருத்திலிருந்துதான் தடையைக் குறிக்கும் சொல் பெயரில் வந்து ஒட்டிக்கொண்டது. ஷொக்லியின் சந்திக் கொள்கை அச்சில் வருவதற்கு முந்திய வருடம் அது. பெயர் நிலைத்துவிட்டது. பெயரோடு வந்த எண்ணமும் நிலைத்துவிட்டது.

இனி எண்களுக்கு வருவோம். அறை வெப்பநிலையில், அடி–காலி வோல்ற்றளவை ஏறத்தாழ 18 மில்லிவோல்ற்று கூட்டினால் சேகரிப்பான் ஓட்டம் இரட்டிக்கும். 60 மில்லிவோல்ற்று கூட்டினால் பத்து மடங்காகும். இது சிலிக்கனாலான எந்தச் சிறிய திரான்சிற்றருக்கும் அதன் வழமையான தொழிற்படு பிரதேசத்தில் பொருந்தும். யார் செய்தது, எந்தக் கடையில் வாங்கியது என்பதெல்லாம் பொருட்டில்லை.

பீற்றாவை எடுங்கள். பிசி 547 என்ற திரான்சிற்றருக்கு உற்பத்தியாளர் தரும் பெறுமானம் 110 முதல் 800 வரை. ஏ, பி, சி என்று வகை பிரித்தாலும், பி வகைக்கு மட்டும் 200 முதல் 450 வரை. ஒரே பெட்டியில் எடுத்த இரண்டு திரான்சிற்றருக்கு ஒரே அடி ஓட்டத்தைக் கொடுத்தால், ஒன்றின் சேகரிப்பான் ஓட்டம் மற்றதன் இரண்டு மடங்காக இருக்கலாம். இயற்கை உறுதியாகத் தரும் தொடர்பு எது, தற்செயலாக அமையும் தொடர்பு எது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.

பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கும் மூன்று சாட்சிகளையும் பார்ப்போம்.

முதலாவது, பொதுக் காலி விரியலாக்கி. வோல்ற்றளவு நயத்துக்கான கோவையில் மேலே பீற்றாவும் சேகரிப்பான் தடையும், கீழே உள்ளீட்டுத் தடையும் வரும். பீற்றா கூடினால் நயமும் கூடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் அந்த உள்ளீட்டுத் தடையும் பீற்றாவுக்கு விகித சமனாகவே கூடுகிறது. மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுவது, சேகரிப்பான் தடையின் குறுக்கே உள்ள வோல்ற்றளவை 26 மில்லிவோல்ற்றால் வகுத்த பெறுமானம். காலித் தடைக்குப் பக்கவழிக் கொள்ளளவி போட்ட சுற்றில் 1 மில்லியம்பியர் ஓட்டமும் 5 கிலோ ஓம் தடையும் என்றால், நயம் ஏறத்தாழ 190. பீற்றா 100 என்றாலும் 400 என்றாலும் அதே 190 தான்.

இரண்டாவது, கோடல் சுற்று. இரண்டு தடையிகளால் வழங்கல் வோல்ற்றளவைப் பிரித்து அடிக்குக் கொடுத்து, காலியில் ஒரு தடையைப் போடுகிறோம். அடியின் வோல்ற்றளவிலிருந்து 0.7 வோல்ற்றைக் கழித்து, காலித் தடையால் வகுத்தால் ஓட்டம் வந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் பீற்றா எங்கே? இல்லை. பீற்றாவை நம்ப முடியாது என்பதற்காகத்தான் இந்தச் சுற்றே உருவானது.

மூன்றாவது, செயற்பாட்டு விரியலாக்கி. பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் காணும் 741 சில்லு 1968 இல் வந்தது. அதன் உள்ளீட்டில் இருப்பவை இருமுனைவுத் திரான்சிற்றர்களே. இரண்டு உள்ளீடுகளுக்கிடையிலான வோல்ற்றளவு வித்தியாசத்துக்குத்தான் அது விடை தருகிறது. அந்தத் திரான்சிற்றர்களின் அடி ஓட்டம் தரவுத்தாளில் குறைபாடுகளின் பட்டியலில் இருக்கிறது. சாதாரணமாக 80 நானோ அம்பியர், குறையக் குறைய நல்லது. ஆளும் கணியமாக இருந்திருந்தால் அதைப் பூச்சியமாக்க யாராவது பாடுபடுவார்களா?

பாடத்திட்டத்துக்கு வெளியே இன்னொன்று, ஓட்டக் கண்ணாடிச் சுற்று. ஒரே சிலிக்கன் துண்டில் ஒரே மாதிரியான இரண்டு திரான்சிற்றர்களைச் செய்து, அடியோடு அடியையும் காலியோடு காலியையும் இணைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே வோல்ற்றளவு. ஆகவே ஒன்றில் பாயும் ஓட்டத்தை மற்றது அப்படியே பிரதி செய்யும். பீற்றா 100 என்றால் பிழை 2 சதவீதம் அளவில்தான். 1960களில் பொப் விட்லர் போன்றோர் வடிவமைத்த சில்லுகள் இந்த நம்பிக்கையில்தான் நின்றன.

சரி, மறுபக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஓட்டம் என்று சொல்பவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர்.

அவர்களின் முதல் வாதம்: "திரான்சிற்றரை ஆளியாகப் பயன்படுத்தும்போது அடி ஓட்டத்தைத்தானே கணிக்கிறோம்?" உண்மை. ஓர் எல்ஈடியையோ ரிலேயையோ இயக்க வேண்டுமென்றால், சேகரிப்பான் ஓட்டத்தின் பத்திலொரு பங்கை அடிக்குக் கொடுக்கத் தடையைத் தெரிவு செய்வோம். திரான்சிற்றர் நிரம்பல் நிலைக்குப் போய்விடும். நாமும் அப்படித்தான் செய்கிறோம், பிள்ளைகளும் அப்படித்தான் செய்ய வேண்டும். 18 மில்லிவோல்ற்றில் ஓட்டம் இரட்டிக்கும் ஒரு சாதனத்துக்கு நேரடியாக வோல்ற்றளவைக் கொடுத்து ஆள்வது கரணம் தப்பினால் மரணம் என்ற மாதிரி. வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறினால், அதே ஓட்டத்துக்குத் தேவையான வோல்ற்றளவு ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று குறையும். வோல்ற்றளவை அசையாமல் வைத்துவிட்டு வெப்பநிலை 10 பாகை ஏறினால் ஓட்டம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே தடையொன்றினூடாக ஓட்டத்தைக் கொடுப்பது பாதுகாப்பான வழி. ஆனால் பாதுகாப்பாக ஓட்டும் முறையும் வண்டி ஓடுவதற்கான காரணமும் ஒன்றல்லவே.

இரண்டாவது வாதம் இன்னும் பலமானது: "ஒளித் திரான்சிற்றரில் அடிக்குக் கம்பியே இணைப்பதில்லை. வெளியிலிருந்து யாரும் வோல்ற்றளவு கொடுப்பதில்லை. ஒளி பட்டதும் உள்ளே உண்டாகும் ஓட்டம்தானே பெருக்கப்படுகிறது?" நல்ல கேள்வி. ஒளி உண்டாக்கும் துளைகள் அடியில் வந்து சேருகின்றன. சேர்ந்ததும் அடியின் அழுத்தம் உயர்கிறது. தடுப்புக் குறைகிறது. பிறகுதான் காலி இலத்திரன்களை விடுகிறது. கதை மறுபடியும் அதே வாசலால்தான் உள்ளே போகிறது.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே மூன்றாவது கட்சியும் உண்டு. அடிக்குள் இருக்கும் ஏற்றத்தின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பார்கள். 1970 இல் வந்த கும்மெல்–பூன் மாதிரி அந்த வழியில் போகிறது. நிரம்பலில் இருக்கும் திரான்சிற்றரை நிறுத்தும்போது அது ஏன் உடனே நிற்காமல் சற்றுத் தாமதிக்கிறது என்பதை இந்தப் பார்வை அழகாக விளக்கும். எமக்கு இதில் சண்டை இல்லை. ஏற்றத்தையும் வோல்ற்றளவையும் சந்தியில் பிரித்துப் பார்க்க முடியாது. இந்த மூன்றாவது பார்வையும் "அடி ஓட்டமே காரணம்" என்று சொல்லவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

எங்கள் ஊரின் அனுபவமும் ஒன்று உண்டு. 1990 இல் மீண்டும் போர் தொடங்கியபின் தீபகற்பத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. நாம் அந்த ஆண்டுகளில் புத்தளத்தில் இருந்தோம். இங்கே இருந்த நண்பர்கள் சொல்லக் கேட்டவை ஏராளம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. அந்த வானொலிகள் பழுதாகும்போது திருத்தியவர்களில் பலர் ஈபர்ஸையும் மோலையும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். திருத்துபவர் மல்ற்றிமீற்றரின் இரு முனைகளையும் அடியிலும் காலியிலும் வைத்துப் பார்ப்பார். 0.6, 0.7 வோல்ற்று இருந்தால் சிலிக்கன் திரான்சிற்றர் வேலை செய்கிறது. பழைய ஜேர்மானியம் என்றால் 0.2 அளவில் இருக்கும். ஒன்றுமே இல்லை என்றால் அதற்கு முன்னால் எங்கோ கோளாறு. ஓட்டத்தை அளக்க வேண்டுமென்றால் சுற்றை வெட்ட வேண்டும். அதற்கு யாரும் போவதில்லை. இன்றும் எந்தத் திருத்தும் கடையிலும் இதைக் காணலாம். வாய் "ஓட்டம்" என்று சொன்னாலும் கை வோல்ற்றளவைத்தான் தேடிப் போகிறது.

"இவ்வளவும் உயர்தரத்துக்குத் தேவையா? பிள்ளைகளைக் குழப்பாதீர்கள்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அவர்களின் அக்கறை விளங்குகிறது. நேரம் இல்லை, பாடத்திட்டம் பெரிது, பரீட்சை நெருங்குகிறது. ஆனால் போரின் அணு மாதிரியைப் படிப்பிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? இது ஒரு மாதிரி, இதற்கு எல்லை உண்டு என்று சொல்லித்தானே படிப்பிக்கிறோம். ஒளியைக் கதிர் என்று ஓர் அலகில் சொல்லி, அலை என்று இன்னோர் அலகில் சொல்கிறோம். பிள்ளைகள் குழம்பிப்போய்விடவில்லை. பீற்றாவுக்கு மட்டும் அந்த ஒரு வசனத்தைச் சேர்க்க ஏன் தயக்கம்? உலகெங்கும் பெயர் பெற்ற ஹொரோவிற்ஸ், ஹில் இருவரின் இலத்திரனியல் நூல் 1980 இல் வந்தது. அதுவும் முதலில் திரான்சிற்றரை ஓட்ட விரியலாக்கியாகவே அறிமுகம் செய்கிறது. பிறகு அதே அத்தியாயத்தில், அது போதாது என்று காட்டி ஈபர்ஸ்–மோலுக்குக் கொண்டு போகிறது. எளியதிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. எளியதோடு கதவைச் சாத்திவிடுவதுதான் தவறு.

சாத்திவிட்டால் யாருக்கு நட்டம்? எங்கள் பிள்ளை கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடத்துக்குப் போகிறது. அல்லது மொறட்டுவைக்கும் பேராதனைக்கும் போகிறது. இதுவரை அடி, காலி, சேகரிப்பான் என்று படித்த அனைத்தும் அங்கே ஒரே நாளில் ஆங்கிலமாகிவிடுகிறது. அந்தச் சுமையோடு, "நீ படித்த காரணமும் சரியில்லை" என்ற சுமையும் சேர்ந்தால் அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? தமிழில் படித்ததால்தான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அது பொய். தமிழில் காரணத்தைச் சொல்லலாம். மேலே சொல்லியிருக்கிறோம். சொல்லாமல் விடுவது நாம்தான், மொழி அல்ல.

ஆகவே எமது ஆலோசனைகள்:

பிள்ளைகளுக்கு: பரீட்சையில் ஐந்து விடைகளில் "ஓட்டத்தால் கட்டுப்படுத்தப்படுவது" என்பதுதான் எதிர்பார்க்கப்படும் விடை என்று தெரிந்தால், அதையே தெரிவு செய்யுங்கள். பரீட்சை அந்த மாதிரிக்குள் நின்று கேட்கிறது. இங்கே வாசித்ததை வைத்து அங்கே வாதாடி ஒரு புள்ளியையும் இழக்க வேண்டாம். ஆனால் வெளியே வந்ததும் எது மாதிரி, எது காரணம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு: குறிப்பில் ஒரு வசனத்தை மட்டும் மாற்றுங்கள். "சேகரிப்பான் ஓட்டத்தைத் தீர்மானிப்பது அடி–காலிச் சந்தியின் வோல்ற்றளவு, அதை அடி ஓட்டத்தையும் பீற்றாவையும் கொண்டு இலகுவாகக் கணிக்கலாம்." இவ்வளவுதான். கரும்பலகையில் ஒரு நிமிடம்.

பிறகு ஒரு நாள் ஆய்வுகூடத்தில் இதைச் செய்து பாருங்கள். 6 வோல்ற்று வழங்கல், சீ 828 அல்லது பிசி 547 திரான்சிற்றர்கள் ஐந்து, மல்ற்றிமீற்றர் இரண்டு போதும். காலி மறைமுனைக்கு. சேகரிப்பானுக்கு 1 கிலோ ஓம் தடையினூடாகவும், அடிக்கு மாறும் தடையியிலிருந்து 100 கிலோ ஓம் தடையினூடாகவும் வோல்ற்றளவைக் கொடுங்கள். 100 கிலோ ஓமின் குறுக்கே அளந்து அடி ஓட்டத்தையும், 1 கிலோ ஓமின் குறுக்கே அளந்து சேகரிப்பான் ஓட்டத்தையும் கணியுங்கள். அடி–காலி வோல்ற்றளவையும் குறியுங்கள். சேகரிப்பான் ஓட்டம் 0.1 இலிருந்து 1 மில்லியம்பியருக்குப் போகும்போது வோல்ற்றளவு எவ்வளவு மாறியது? ஐந்து திரான்சிற்றருக்கும் 60 மில்லிவோல்ற்றைச் சுற்றியே வரும். பீற்றாவோ திரான்சிற்றருக்குத் திரான்சிற்றர் வேறாக வரும். ஓட்டத்தின் மடக்கையை வோல்ற்றளவுக்கு எதிரே குறித்தால் நேர்கோடு கிடைக்கும்.

அடுத்து, 6.8 கிலோ ஓம் தடையியையும் 1 கிலோ ஓம் மாறும் தடையியையும் தொடராக வழங்கலுக்குக் குறுக்கே இணைத்து, மாறும் தடையியின் நடுமுனையை நேரே அடிக்குக் கொடுங்கள். இப்போது அடியில் வோல்ற்றளவு ஏறத்தாழ நிலையானது. திரான்சிற்றரை விரலால் பிடித்துச் சூடாக்குங்கள். சேகரிப்பான் ஓட்டம் ஏறுவதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். காலித் தடை ஏன் தேவை என்று அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியிராது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். காரணத்தோடு எழுதுங்கள், ஆளைத் தாக்க வேண்டாம். பரிசோதனையைச் செய்தவர்கள் பெற்ற பெறுமானங்களைப் படமெடுத்துக் கீழே போடுங்கள். எந்தப் பாடசாலை, எந்தத் திரான்சிற்றர், என்ன பீற்றா, எத்தனை மில்லிவோல்ற்று என்று எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாக்கி அடுத்த பதிவில் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.